பேசாப்பொருளும் எழுவாயும்: ‘அக்கினிப் பிரவேசம்’ முதல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ வரை

முன்னுரை

சமூகம் பேசக்கூடாது என்று விலக்கி வைத்தவற்றை இலக்கியமும் திரைப்படமும் அவ்வப்போது பேசத் துணிந்திருக்கின்றன. அப்படிப் பேசும்போது எழும் முதல் கேள்வி, இதைச் சொல்லலாமா என்பது. இரண்டாவது கேள்வி, இதை எப்படிச் சொல்வது என்பது. தமிழில் இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஒரே எழுத்தாளர் மூன்று வடிவங்களில் விடை தேடிய நிகழ்வு ஒன்று உண்டு. ஜெயகாந்தன் 1966இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையை எழுதினார். அதன் தொடர்ச்சியாக ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் 1970இல் நூலாக வந்தது. அந்த நாவல் 1977இல் அதே பெயரில் திரைப்படமானது. மூன்றிலும் மையமாக இருப்பது ஒரே நிகழ்ச்சி. மழை பெய்யும் மாலை, பேருந்துக்காகக் காத்து நிற்கும் ஒரு கல்லூரி மாணவி, அவள் அருகே வந்து நிற்கும் ஒரு கார்.

இம்மூன்றையும் ஒப்பிட்டு, ஒரு பேசாப்பொருள் வடிவத்துக்கு வடிவம் எவ்வாறு மாறுகிறது என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இடக்கரடக்கல் என்னும் மரபு

தமிழ் இலக்கணம் பயின்றவர்களுக்கு ‘இடக்கரடக்கல்’ என்ற சொல் புதியதன்று. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறார். சபையில் சொல்லத் தகாத ஒன்றை மறைத்து வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். ‘கால் கழுவி வந்தான்’ என்பது வகுப்பறையில் நாங்கள் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு. இது நாகரிகத்தின் அடையாளம். இதில் குற்றம் ஒன்றும் இல்லை.

ஆனால் மறைத்துச் சொல்லும் சொற்கள் எல்லாம் இப்படிக் குற்றமற்றவை அல்ல. ‘அவள் கெட்டுப்போனாள்’ என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். பாலியல் வன்முறைக்கோ வஞ்சனைக்கோ ஆளான பெண்ணைப் பற்றி ஊர் தாழ்ந்த குரலில் சொல்லும் தொடர் இது. இலக்கணப்படி ‘கெட்டாள்’ என்பது தன்வினை. எழுவாய் ‘அவள்’. ‘கெடுத்தான்’ என்ற பிறவினைக்குத்தான் ஒரு செய்பவன் வேண்டும். ஊர் பேசும் தொடரில் அந்தச் செய்பவன் இல்லை. பால் கெட்டது, பழம் கெட்டது என்பது போல ஒரு பெண்ணும் தானாகக் கெட்டுப்போனதாகவே மொழி சொல்லிவிடுகிறது. நாளிதழ்கள் நெடுங்காலம் எழுதிவந்த ‘கற்பழிப்பு’ என்ற சொல்லிலும் இதே கோளாறு உண்டு. குற்றம் புரிந்தவனை விட்டுவிட்டு, அழிந்தது அவளுடைய கற்பு என்று அவள் பக்கமே விரல் நீட்டும் சொல் அது. இன்று ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதுகிறோம். இந்த மாற்றம் வெறும் சொல் மாற்றம் அன்று.

ஆகவே ஒரு பேசாப்பொருளைப் படைப்பு எவ்வளவு துணிவாகப் பேசியது என்று அறிய, அது எதைக் காட்டியது, எந்தச் சொல்லைப் பயன்படுத்தியது என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்த வாக்கியத்தின் எழுவாயை அது மாற்றியதா என்று பார்க்க வேண்டும். இந்த அளவுகோலைக் கொண்டே மூன்று படைப்புகளையும் அணுகலாம்.

எழுத்தாளரும் முன்னோடிகளும்

ஜெயகாந்தன் (1934–2015) கடலூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பெரிதும் பெறாதவர். கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, அங்கேயே படித்து, எழுத்தாளரானவர். சேரி மக்களைப் பற்றியும் நடுத்தரக் குடும்பங்களைப் பற்றியும் ஒரே உரிமையுடன் எழுதியவர். பின்னாளில் 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றார்.

கற்பு என்ற பொருளைக் கேள்விக்கு உட்படுத்தியதில் அவர் முதல்வர் அல்லர். புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய ‘பொன்னகரம்’ கதையில், நோயுற்ற கணவனுக்காகத் தன் உடலைப் பணத்துக்குக் கொடுக்கும் அம்மாளுவைக் காட்டி, கற்பைப் பற்றி மேடையில் முழங்குவோரை நோக்கி ஏளனமாகக் கேள்வி எழுப்பினார். 1943இல் அவர் எழுதிய ‘சாப விமோசனம்’ அகலிகையின் கதை. சீதை தீக்குளித்ததைக் கேள்விப்பட்ட அகலிகை, தன்னை மன்னித்த இராமனே தன் மனைவியைச் சோதித்தான் என்பதைத் தாங்க முடியாமல் மீண்டும் கல்லாகிவிடுகிறாள்.

அகலிகையும் சீதையும் ஜெயகாந்தன் கதையிலும் வருகிறார்கள். ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற தலைப்பு சீதையின் தீக்குளிப்பைக் குறிப்பது. கதைக்குள் தாய் மகளுக்கு அகலிகையை நினைவூட்டுகிறாள். எனவே இக்கதை மரபுக்கு வெளியே இருந்து எறியப்பட்ட கல் அன்று. மரபுக்குள்ளேயே நடந்த ஒரு வழக்கின் அடுத்த வாய்தா என்று அதைச் சொல்லலாம்.

சிறுகதை: தாயின் தீர்ப்பு

பெண்கள் கல்லூரி ஒன்றின் எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் கதை தொடங்குகிறது. மழை. கூட்டம் மெல்லக் கரைகிறது. கடைசியில் ஒரு மாணவி மட்டும் தனியே நிற்கிறாள். எளிய குடும்பத்துப் பெண். பெரிய கார் ஒன்றில் வந்த இளைஞன் அவளை வீட்டில் கொண்டுபோய் விடுவதாக அழைக்கிறான். மழையும் தயக்கமும் காரின் பகட்டும் சேர்ந்து அவளை ஏறச் செய்கின்றன. ஆளில்லாத இடத்தில் கார் நிற்கிறது. பிறகு அவளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு அவன் போய்விடுகிறான். அவன் கொடுத்த சூயிங்கம் அவள் வாயில் இருக்கிறது.

வீட்டில் இருப்பவள் கணவனை இழந்த தாய். மகள் அழுதுகொண்டே நடந்ததைச் சொல்கிறாள். தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வருகிறார்கள். கதை முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது இந்த ஒரு கணத்தில்தான். தாய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கு மாறாக, இவள் மழையில் நனைந்துகொண்டு வந்துவிட்டாள் என்று ஒரு காரணத்தைச் சொல்லி அவர்களை அனுப்பிவிடுகிறாள். பிறகு மகளைக் குளியலறைக்கு அழைத்துச் சென்று தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள். இது தண்ணீர் இல்லை, நெருப்பு என்று நினைத்துக்கொள், நீ தூய்மையாகிவிட்டாய் என்கிறாள். தெருவில் அசுத்தத்தை மிதித்தால் காலையா வெட்டிக்கொள்கிறோம், கழுவிவிட்டுப் பூஜை அறைக்குள்ளும் போகிறோமே என்பது அவள் தரும் விளக்கம். அந்தச் சூயிங்கத்தையும் துப்பச் சொல்கிறாள்.

இந்தத் தாயின் சிறப்பு எது? அவள் படித்தவள் அல்லள், சீர்திருத்தவாதியும் அல்லள். அவள் அறிந்தது தீட்டும் மடியும்தான். அந்தத் தீட்டுக் கணக்கைக்கொண்டே தன் மகளை அவள் மீட்டுவிடுகிறாள். தீண்டாதே, விலக்கு என்று சொல்வதற்காக ஏற்பட்ட ஒரு முறையை, சேர்த்துக்கொள்வதற்காகத் திருப்பிப் பயன்படுத்துகிறாள். சீதைக்குத் தீ மூட்டியது ஊர் பார்க்க. இங்கே தண்ணீர் ஊற்றப்படுவது கதவை மூடிக்கொண்டு. சாட்சிகள் இல்லாத சோதனை என்பதால்தான் அது தண்டனையாக மாறவில்லை.

கதை வெளிவந்தபோது பெரும் விவாதம் எழுந்தது. ஒரு குடும்பப் பத்திரிகையில் இப்படியொரு கதையா என்ற கேள்வி எழுந்தது. ஆனால் அக்கதையில் சொல்லத்தகாத சொல் ஒன்றுகூட இல்லை. வாசகர்களை உலுக்கியது காருக்குள் நடந்தது அன்று, குளியலறையில் நடந்தது. அந்தப் பெண் கிணற்றில் விழுந்து இறந்திருந்தால் பலரும் கண்ணீர் விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. அவள் தலையைத் துவட்டிக்கொண்டு நாளையும் கல்லூரிக்குப் போவாள் என்பதே பொறுக்க முடியாததாக இருந்தது.

சிறுகதையின் எல்லை

பாராட்டோடு குறையையும் சொல்ல வேண்டும். தாய் ‘நீ கெட்டுப்போகவில்லை’ என்கிறாள். பெரிய சொல்தான். ஆனால் எழுவாய் இன்னமும் ‘நீ’தான். ‘கெட்டாள்’ என்ற வாக்கியம் ‘கெடவில்லை’ என்று எதிர்மறையாகியிருக்கிறது. ‘கெடுத்தான்’ என்று மாறவில்லை. கார்க்காரன் பெயரில்லாமல் வந்து பெயரில்லாமல் போகிறான். அவனிடம் கேள்வி கேட்க அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. தூய்மைப்படுத்த வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே தூய்மை போயிற்று என்று ஒப்புக்கொள்வதுதானே என்று இன்றைய மாணவி ஒருத்தி கேட்டால், அவளுக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண்ணின் இசைவு குறித்துக் கதை தெளிவாக எதுவும் சொல்வதில்லை. அவள் திகைத்தாள், பயந்தாள், மயங்கினாள் என்ற வகையிலேயே கதை நகர்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. அவர்கள் விஷயத்தில் ‘அவளும் இசைந்தாளா’ என்ற கேள்விக்கே இடம் இல்லை. இக்கதையை இன்று படிக்கும் மாணவர், கதை எழுதப்பட்ட காலத்தையும் தாம் வாழும் காலத்தையும் இரண்டையும் மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

நாவல்: தாய் கத்திவிட்டால்?

இந்தக் குறைகளை வாசகருக்கு முன்பே ஆசிரியர் உணர்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவரே தம் கதைக்கு எதிர்க்கதை எழுதினார். தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தொடராக வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நூலான அந்த நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

நாவலின் அமைப்பு தமிழுக்குப் புதியது. ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற கதை நாவலுக்குள்ளேயே ஒரு பத்திரிகையில் வெளிவருகிறது. எழுதியவர் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர். அதைப் படிக்கும் கங்கா திடுக்கிடுகிறாள். அது அவளுடைய கதை. ஆனால் முடிவு மட்டும் வேறு. அவள் வாழ்க்கையில் அவளுடைய தாய் கனகம் தண்ணீர் ஊற்றவில்லை. கத்திவிட்டாள். வீடு கூடிவிட்டது, ஊர் அறிந்துவிட்டது. அண்ணன் கணேசன் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றினான். கதையைப் படிக்கும் கனகம், தனக்கு அந்த அறிவு அன்று இல்லாமல் போயிற்றே என்று அழுகிறாள்.

சிறுகதைக்கும் நாவலுக்கும் இடையில் உள்ள வேறுபாடு ஒரு குரலின் உயரம்தான். நடந்த செயல் ஒன்றே. அது வீட்டுக்குள் நின்றால் ஒரு வாழ்க்கை, வாசலைத் தாண்டினால் வேறொரு வாழ்க்கை. அப்படியானால் அந்தப் பெண்ணின் வாழ்வைச் சிதைத்தது எது? காரில் நடந்ததா, கூடத்தில் நடந்ததா? இந்தக் கேள்வியை இவ்வளவு துல்லியமாகக் கேட்பதற்கு ஒரு சிறுகதையும் அதன் எதிர்க்கதையும் சேர்ந்து தேவைப்பட்டன.

கங்கா படித்து, நல்ல பதவியில் அமர்கிறாள். அவள் படிப்புக்கு உதவியவர் தாய்மாமனான வக்கீல் வெங்கு மாமா. ஊரில் பெரிய மனிதர், சாத்திரமும் சட்டமும் பேசுபவர். அவரே அவளிடம் தகாத முறையில் நடந்துகொள்பவரும் ஆவார். ஊரால் ‘கெட்டுப்போனவள்’ என்று முத்திரை குத்தப்பட்டவளிடம் எவரும் எந்த எல்லையும் மீறலாம் என்பது அவர் கணக்கு. நாவலில் கார்க்காரனைவிட அதிகமாக நம்மைக் கூசச் செய்பவர் இவர்தான். இவரை எழுதியதுதான் நாவலின் உண்மையான துணிவு என்று நான் கருதுகிறேன். தெருவில் வரும் அந்நியனைப் பற்றி எச்சரிப்பது எல்லாக் குடும்பங்களும் செய்வதுதான். கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கும் உறவினரைப் பற்றி எச்சரிக்கத்தான் எவருக்கும் நா எழுவதில்லை.

அந்த வெங்கு மாமாதான் ஒரு நாள் சொல்கிறார்: உன்னைப் போன்றவள் ஒருவனுக்கு வைப்பாக இருக்கலாம், மனைவியாக முடியாது, வேண்டுமானால் உன்னைக் கெடுத்தவனையே தேடிக் கண்டுபிடி என்று. இழிவுபடுத்தச் சொன்ன சொல் அது. கங்கா அதைச் சவாலாக எடுத்துக்கொள்கிறாள். நமது அளவுகோலின்படி இதுவே நாவலின் திருப்புமுனை. ஊர் விட்டுவிட்ட எழுவாயைத் தேடி அவளே புறப்படுகிறாள்.

கண்டுபிடிக்கவும் செய்கிறாள். அவன் பெயர் பிரபு. பணக்காரன். மனைவியும் வளர்ந்த மகளும் உள்ளவன். அந்த மாலையை ஏறக்குறைய மறந்தே போனவன். அவளுக்கு வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்த நிகழ்ச்சி, அவனுக்குப் பல மாலைகளில் ஒரு மாலை. நாவலில் வரும் மிகக் கசப்பான உண்மை இது. பிறகு அவர்களிடையே விளையும் நட்பும், உடலுறவு இல்லாமலேயே ஊர் முன்னால் அவனுடைய வைப்பு என்று தன்னை அவள் அறிவித்துக்கொள்வதும் வாசகரைக் குழப்பக்கூடியவை. ஊர் தந்த பழியை அவளே எடுத்து அணிந்துகொண்டு, அதையே வெங்கு மாமாவிடமிருந்து தன்னைக் காக்கும் வேலியாகவும் ஆக்கிக்கொள்கிறாள் என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் இந்த இடத்தில் நாவல் சற்றே வழி தவறுவதாகவும் எனக்குத் தோன்றுகிறது. எழுவாய் கிடைத்தபின் அவனிடம் கேள்வி கேட்கப்படும் என்று எதிர்பார்க்கிறோம். அவன் தன்னையே நொந்துகொள்ளும் பரிதாபத்துக்குரிய மனிதனாக மாறிவிடுகிறான். வாசகரின் இரக்கத்தில் பாதி அவன் பக்கம் போய்விடுகிறது. இறுதியில் அவன் விலகிப் போக, கங்கா மதுவில் மூழ்குகிறாள். யாரும் கெட்டவராகப் பிறப்பதில்லை என்பது ஜெயகாந்தனின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை உயர்ந்தது. எனினும் மன்னிப்பின் செலவு முழுவதையும் இங்கேயும் கங்காவே ஏற்கிறாள்.

திரைப்படம்: முகமும் அரங்கும்

படத்தை இயக்கியவர் ஏ. பீம்சிங். ‘பாசமலர்’, ‘பாவ மன்னிப்பு’, ‘பாலும் பழமும்’ என்று குடும்பங்கள் கூடிப் பார்த்து அழுத படங்களைத் தந்தவர். அண்ணன் தங்கை பாசத்துக்கு இலக்கணமாகச் சொல்லப்படும் ‘பாசமலர்’ படத்தை எடுத்தவரே, தங்கையை வீட்டைவிட்டுத் துரத்தும் அண்ணனின் கதையையும் எடுத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. திரைக்கதை வசனத்தை ஜெயகாந்தனே எழுதினார். பாடல்களும் எழுதினார். இசை எம்.எஸ். விசுவநாதன். கங்காவாக லட்சுமி, பிரபுவாக ஸ்ரீகாந்த், வெங்கு மாமாவாக ஒய்.ஜி. பார்த்தசாரதி, எழுத்தாளர் ஆர்.கே.வி.யாக நாகேஷ் நடித்தனர். இப்படத்தில் நடித்ததற்காக லட்சுமி சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார்.

நாவலைப் படமாக்கும்போது முதலில் இழப்பது மனத்தின் பேச்சை. நாவலில் கங்கா தன் கதையைத் தானே சொல்கிறாள். ஒவ்வொருவரைப் பற்றியும் அவள் மனம் ஓயாமல் விவாதிக்கிறது. படத்தில் அந்த இடத்தை லட்சுமியின் முகம் நிரப்ப வேண்டியிருந்தது. பிறர் பேசும்போது அவர் காக்கும் அமைதியும், வெங்கு மாமா அருகில் வரும்போது உடலில் ஏற்படும் இறுக்கமும் பல பக்கங்களின் வேலையைச் செய்கின்றன. அழுது தீர்க்கும் நாயகியரைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்த அடக்கம் புதிது.

படத்துக்குக் கிடைத்த இன்னொரு வலிமை, எழுவாய்க்கு முகம் கிடைத்தது. சிறுகதையில் பெயரற்றவன், நாவலில் பெயர் பெற்றவன், படத்தில் நாம் அறிந்த ஒரு நடிகராக வந்து நிற்கிறான். ‘தங்கப்பதக்கம்’ போன்ற படங்களில் ஸ்ரீகாந்தை வெறுத்துப் பழகிய பார்வையாளர்கள் இங்கே அப்படி எளிதாக வெறுத்துவிட்டு எழுந்துபோக முடியவில்லை. கெட்டவன் என்றால் மீசையை முறுக்கிக்கொண்டு சிரிப்பவன் என்ற திரை வழக்கத்துக்கு மாறாக, நம் தெருவில் இருக்கக்கூடிய ஒருவனாக அவன் இருக்கிறான்.

மூன்றாவது, பார்க்கும் சூழல். புத்தகத்தைத் தனியே படிக்கலாம், யாராவது வந்தால் மூடி வைக்கலாம். திரையரங்கில் தாயும் மகளும் அண்ணனும் மாமாவும் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பார்கள். வெங்கு மாமா திரையில் தோன்றும்போது அந்த வரிசையில் யார் யார் நெளிந்திருப்பார்கள் என்பதை எந்த விமரிசகராலும் எழுத முடியாது. ஆனால் பேசாப்பொருளைத் திரைப்படம் பேசுவதன் பயன் அதுதான். பேச முடியாதவர்கள் ஒன்றாக அமர்ந்து கேட்கிறார்கள்.

அக்காலத்தும் பிற்காலத்தும் சில படைப்புகள்

‘அக்கினிப் பிரவேசம்’ வெளிவந்த அதே 1966இல் தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலும் வந்தது. மணமான அலங்காரம்மாள் வேறொருவருடன் உறவு கொண்டவள். அதற்குப் பரிகாரமாக மகன் அப்புவை வேதம் படிக்க அனுப்புகிறாள். அங்கே எழுவாய் மறைக்கப்படவில்லை. அலங்காரம்மாள் தன் செயலுக்குத் தானே எழுவாய். அதனாலேயே அது இன்னும் பெரிய விலக்காகத் தோன்றியது. இரங்கத்தக்க பெண்ணை ஏற்பதற்குச் சமூகம் ஓரளவு பழகிக்கொள்ளும். தன் விருப்பத்துக்குத் தானே பொறுப்பேற்கும் பெண்ணை ஏற்பது அதைவிடக் கடினம்.

கே. பாலசந்தரின் ‘அரங்கேற்றம்’ (1973) பெரிய குடும்பத்தைக் காப்பாற்ற உடலை விற்கும் மூத்த மகளின் கதை. அவள் பணத்தில் உண்டவர்களே அவளை ஒதுக்குகிறார்கள். பேச்சு துணிவானது. ஆனால் முடிவில் அவள் பைத்தியமாகிறாள். ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978) தலைப்பிலேயே ஊரின் வாக்கியத்தை வைத்தது. எழுவாயும் பயனிலையும் ஊர் தீர்மானித்துவிட்ட வாக்கியம் அது. படம் முழுவதும் மஞ்சு அதனோடு மோதுகிறாள்.

காலம் செல்லச் செல்லத் துணிவு கூடிக்கொண்டே போகும் என்று நினைப்பதும் தவறு. கங்காவின் படம் வந்து 12 ஆண்டுகள் கழித்து, 1989இல் வந்த ‘புதிய பாதை’ பெரும் வெற்றி பெற்றது. அதில் பாதிக்கப்பட்ட பெண், தன்னைப் பாழ்படுத்தியவனையே மணந்து அவனைத் திருத்துகிறாள். வெங்கு மாமா ஏளனமாகச் சொன்ன ஆலோசனை, அங்கே நாயகியின் இலட்சியமாகிவிட்டது.

எழுதியவரே தண்டனை பெற்ற நிகழ்வும் உண்டு. குழந்தையில்லாத தம்பதியர் படும் அவமானத்தையும், திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவையொட்டிய ஒரு வழக்கத்தையும் மையமாகக் கொண்டு பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. சில ஆண்டுகள் கழித்து அதற்குக் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம், படிப்பதும் விடுவதும் வாசகர் விருப்பம், எழுத்தாளர் மீண்டும் எழுதட்டும் என்ற பொருளில் தீர்ப்பு வழங்கியது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

பேசாப்பொருளைத் தொடும் ஒரு நூலையோ படத்தையோ மதிப்பிடும்போது மூன்று கேள்விகளை எழுப்பிப் பார்க்கலாம்.

1. நடந்ததைச் சொல்லும் வாக்கியத்தில் எழுவாய் யார்? செய்தவனா, பட்டவளா?

2. முடிவில் விலை கொடுப்பவர் யார்? இறப்பு, பைத்தியம், துறவு ஆகியவற்றுள் ஏதோ ஒன்றைப் பாதிக்கப்பட்டவருக்கே கொடுத்துவிட்டுப் படைப்பு தப்பித்துக்கொள்கிறதா?

3. பார்ப்பவரைக் கிளர்ச்சியூட்ட அந்தக் காட்சி வந்ததா, அல்லது பார்ப்பவர் தம் வீட்டைத் திரும்பிப் பார்க்க வந்ததா?

முதல் கேள்விக்குச் சிறுகதை பாதி விடை தருகிறது. நாவல் ஏறக்குறைய முழு விடை தருகிறது. இரண்டாவது கேள்வியில் சிறுகதை நாவலைவிட மேலே நிற்கிறது. அங்கே அந்தப் பெண் எந்த விலையும் கொடுக்காமல் தலை துவட்டிக்கொண்டு எழுகிறாள். மூன்றாவது கேள்வியில் சிறுகதை, நாவல், திரைப்படம் மூன்றுமே தேறுகின்றன.

முடிவுரை

நான் ஆசிரியையாகப் பணியாற்றிய காலத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆண்டின் நடுவில் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ‘என்னவோ நடந்துவிட்டதாம்’ என்று ஆசிரியர் அறையில் மெதுவாகப் பேசிக்கொண்டோம். யார், எங்கே, எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. சில நாள்கள் கழித்து அவளுடைய தாய் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்து, வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் அம்மா என்று நான் அழைத்திருக்கலாம். சான்றிதழில் பள்ளியை விட்டு நீங்குவதற்கான காரணம் என்ற இடத்தில் ‘குடும்பச் சூழல்’ என்று எழுதிக் கொடுத்தேன். வகுப்பில் இடக்கரடக்கலை எத்தனையோ ஆண்டுகள் நடத்தியவள் நான். அன்று நான் எழுதியதும் அதுதான். அந்த வாக்கியத்திலும் எழுவாய் இல்லை.

அந்தத் தாய்க்கு வீட்டில் என்ன செய்யத் தோன்றியது என்று எனக்குத் தெரியாது. கனகத்தைப் போலக் கத்தினாரா, கதையில் வரும் தாயைப் போலக் கதவைச் சாத்தித் தண்ணீர் ஊற்றினாரா? இரண்டு தாய்களையும் நூலில் படித்திருந்தும், எதிரே வந்து நின்ற தாயிடம் பேச எனக்குச் சொல் வரவில்லை.

இன்று குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. சட்டம் இருக்கிறது. பள்ளிகளில் அந்த எண்ணைச் சுவரில் எழுதியும் வைக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணை அழுத்துவதற்கு முன், ‘நான் கெட்டுப்போனேன்’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு குழந்தை, ‘அவன் எனக்குத் தீங்கு செய்தான்’ என்று தன் வாக்கியத்தை மாற்றிச் சொல்லக் கற்க வேண்டியிருக்கிறது. நல்ல கதையும் நல்ல படமும் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகும் இடங்கள். ‘அக்கினிப் பிரவேச’த்தை ஒரு மாணவியோ மாணவரோ வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினால், கேட்டுக்கொண்டிருக்கும் தாயும் தந்தையும், அப்படி ஒரு மாலை தம் வீட்டு வாசலுக்கு வந்தால் தாம் என்ன செய்வோம் என்று முன்கூட்டியே ஒருமுறை யோசித்துப் பார்க்க அது வாய்ப்பளிக்கும்.